பொட்டு வைத்த திருகாணி

5

"விளக்கு வெக்கிறதுக்குள்ள உங்க மருமவன் வந்து எங்க கால்ல விழணும். இல்லீன்னா நாங்க நேரா ஸ்டேஷனுக்குப் போறோம். அஞ்சு உசுரைக் கொல்லப் பார்த்த கேசு."

ஏரியூர் பெரியண்ணன் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். பாப்பாரப்பட்டியில் என் தங்கை பானுமதி வீட்டு வாசலில், காலையில் நிச்சயதார்த்தத்துக்காகப் போட்ட பந்தலின் கீழ் இந்தப் பேச்சு நடந்தது. ஜமுக்காளத்தை இன்னும் யாரும் சுருட்டவில்லை. தாம்பூலத் தட்டில் வெற்றிலை வாடவில்லை. அதற்குள் சம்பந்தம் வாடிவிட்டது.

நடந்தது இதுதான். ஏரியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலையில் காரில் வந்தார்கள். என் தங்கை மகள் அமுதவல்லிக்கும் அவர்கள் பையனுக்கும் நிச்சயம் முடிந்தது. பலகாரம் சாப்பிட்டுவிட்டு, கூட வந்த உறவுக்காரர்களுக்கு அருவியைக் காட்ட ஒகேனக்கல்லுக்குக் கிளம்பினார்கள். மலை இறக்கத்தில் காருக்குள் பெட்ரோல் நாற்றம் அடித்தது. வண்டியை நிறுத்தி முன்மூடியைத் திறந்தால், சூடான என்ஜின் மேல் பெட்ரோல் பீச்சிக்கொண்டிருந்தது. ஒரு பொறி பட்டிருந்தால் ஐந்து பேரும் கரிக்கட்டை. காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். கூடவே ஒரு பழியையும் இழுத்து வந்தார்கள். காலையில் அமுதவல்லியின் அண்ணன் குரு அந்தக் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றானாம். மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவான இந்தப் பெரியண்ணனே அதைக் கண்ணால் பார்த்தாராம்.

குரு ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நாலு பேர் நடுவில் சொன்னவனும் அவன்தான். பழி ஒட்டிக்கொள்ள அதற்கு மேல் பசை தேவையில்லை.

நான் மாதவராஜ், அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, தர்மபுரியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறேன். ஊரார் வீட்டு வழக்குகளைப் பார்த்தே பழகியவன். இன்று வழக்கு என் வீட்டு வாசலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது.

"குரு, இங்க வா."

வந்தான். கண்ணை நேராகப் பார்த்தான்.

"அந்த வண்டியில எதையாவது தொட்டியா?"

"இல்லீங்க மாமா. திறந்து பார்த்தேன். மூடிட்டேன்."

"போதும். போ."

பெரியண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவுதானா விசாரணை? டூட்டியில இருந்தப்பவும் இப்படித்தானுங்களா?"

"எங்க வூட்டுல ஒரு தடவைதான் கேப்போம்" என்றேன். "ஏன்னா ஒரு தடவைதான் பதில் வரும். பெரியண்ணன், நீங்க சொன்ன கெடுவையே நானும் வெச்சுக்கறேன். விளக்கு வெக்கிறதுக்குள்ள நடந்தது என்னன்னு இதே பந்தல்ல சொல்றேன். குரு செஞ்சிருந்தா, அவனோட சேர்ந்து நானும் உங்க கால்ல விழறேன். செய்யலைன்னா, எங்க வூட்டுல ஒரு தலையும் குனியாது. வர்ற முகூர்த்தமும் நிக்காது."

நிலைப்படியில் அமுதவல்லி நின்றிருந்தாள். நிச்சயப் புடவையை இன்னும் மாற்றவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கல்யாணத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது எனக்குத் தெரியும்.

பந்தலின் ஓரத்தில், பெண்களுக்கும் பின்னால், மாப்பிள்ளையின் தாய் சென்னம்மாள் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார்.

*

தெருமுனையில் என் உதவியாளர் சுல்தானா ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தாள். தர்மபுரியில் அவள் குடும்பத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது. வாய் மட்டும் அவளுடைய சொந்தத் தொழில்.

"சார், உங்க மருமகன்கிட்ட நான் தனியா ஒரு கேள்வி கேட்டேன். எதுக்குத் திறந்தேன்னு. கார் வாசலுக்கு வரும்போதே அடியில 'டொக் டொக்'னு சத்தம் வந்துச்சாம். என்னன்னு பார்க்கத்தான் திறந்தானாம்."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அதையும் கேட்டேன். 'இன்னிக்கு நீ வாயே திறக்கக் கூடாதுன்னு மாமா உத்தரவு போட்டுட்டாருங்க'ன்னான்."

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தளர்வா உக்காருங்க சார். கொடிக்கம்பத்தை ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு."

"ஓட்டு."

காஜாவின் ஒர்க்‌ஷாப் சந்தைக்குப் பின்புறம். வெள்ளைக் கார் முன்மூடி திறந்து நின்றது. பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தான் காஜா.

"எதையும் துடைக்கலீங்க சார். நீங்க வருவீங்கன்னு சுல்தானாக்கா போன் பண்ணிட்டாங்க. இதோ, இங்கருந்துதான் பீச்சியிருக்கு."

என்ஜினுக்கு மேல் படுத்திருந்த பெட்ரோல் குழாயின் முனையில், தகரச் செப்பு போல் ஒரு வட்டமான பாகம். அதன் தலையில் ஒரு சின்னத் திருகாணி.

"இதுக்குப் பேரு டேம்பர்" என்றாள் சுல்தானா. "வூட்டுல தண்ணிக் குழாயைச் சட்டுனு மூடினா சுவத்துக்குள்ள டொக்குன்னு ஒரு இடி கேக்குமே, கேட்டிருக்கீங்களா? என்ஜின் பெட்ரோலைக் குடிக்கிறது மடக்கு மடக்கா. ஒவ்வொரு மடக்குக்கும் குழாய்க்குள்ள அந்த மாதிரி ஒரு இடி. இதுக்குள்ள ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கு. அந்த இடியையெல்லாம் இது வாங்கி விழுங்கிக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல ஒரு புருஷன் இருப்பானே, அந்த மாதிரி."

"செத்துப்போனா?"

"இடி நேரா குழாய்க்குப் போயிரும். காருக்கு அடியில டொக் டொக்னு கேக்கும். சவ்வு முழுசா கிழிஞ்சா பெட்ரோல் வெளிய வந்துரும்."

"அப்படின்னா, டொக் டொக் சத்தத்தோட வந்த வண்டி..."

"பாப்பாரப்பட்டிக்கு வரும்போதே அரை உசுருதான் சார். ஆனா சத்தம் கேட்டதுன்னு சொல்றது யாரு? உங்க மருமகன். பெரியண்ணன் ஏத்துக்குவாரா?"

மாட்டார். நானாக இருந்தாலும் ஏற்கமாட்டேன்.

"சவ்வு தானா கிழிஞ்சதா காஜா?"

"இல்லீங்க. யாரோ திருகியிருக்காங்க. இந்த ஆணி திருகறதுக்கு வெச்சதே இல்லீங்க. சவ்வோட ஒட்டினது. வண்டி ஓடும்போது பெட்ரோல் அழுத்தத்துல தானா மேல எழும்பும், நிறுத்தினா மெல்ல இறங்கும். எழும்பி நிக்கிதேன்னு முடுக்கினா சவ்வு முறுக்கிக்கும். கொஞ்ச தூரம் தாங்கும், அப்புறம் பிச்சுக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். முதுகு வளைத்துப் பார்க்க வேண்டிய இடங்களில் நான் வளைப்பதுண்டு. தடயத்தின் முன்னால் மட்டும்.

டேம்பரின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு பொட்டு இருந்தது. பூஜை போட்ட வண்டி. பெட்ரோலில் நனைந்தும் காய்ந்த சந்தனம் கரையவில்லை. ஆனால் அந்தப் பொட்டு வட்டமாக இல்லை. விளிம்பில் இருந்த பாதி ஒரு பக்கம் பார்த்தது. ஆணியின் தலையில் இருந்த பாதி வேறு பக்கம் பார்த்தது.

"சுல்தானா, இது என்ன?"

டார்ச் அடித்துப் பார்த்தவள் விசில் அடித்தாள். "பொட்டு வெச்சப்ப ரெண்டு பாதியும் சேர்ந்துதான் இருந்திருக்கணும். அப்புறம்தான் ஆணியைத் திருகியிருக்காங்க. சார், மெக்கானிக்குங்க முடுக்கின நட்டு மேல பெயிண்ட்ல கோடு போடுவாங்க, நகர்ந்தா தெரியட்டும்னு. இங்க அந்த வேலையைப் பூஜை வாங்கிக்கிட்ட ஏரியூர் முனியப்பன் சாமியே பார்த்துட்டாரு."

"இன்னொண்ணு பாரு. ஆணியோட பள்ளம்."

பள்ளத்தின் இரண்டு ஓரங்களிலும் சந்தனம் அப்படியே அடைத்திருந்தது. நடுவில் மட்டும் வழித்து எடுத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

காஜா தன் ஸ்க்ரூடிரைவரை நீட்டினான். அதன் முனை நேர்க்கோடு. உள்ளே விட்டால் ஓரத்திலிருந்து ஓரம் வரை வழித்துவிடும். நான் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பள்ளத்தின் மேல் பிடித்தேன். வளைந்த விளிம்பு நடுவில் மட்டும் இறங்கியது.

"காசு!" என்றாள் சுல்தானா. "டிப்ளமோ படிச்ச பையன், வூடு நிறைய டூல்ஸ் வெச்சிருக்கறவன், ஒத்தை ரூபாயை வெச்சு ஒரு காரைக் கொளுத்தப் பார்ப்பானா?"

"மாட்டான். இது பூஜைத் தட்டும் காசும் கையில வெச்சிருந்த ஆளு. பொட்டு எங்க வெச்சாங்களோ அங்கதான் திருகியிருக்காங்க."

காஜாவிடம் போட்டோ எடுத்துக்கொண்டு பழையதைப் பத்திரமாகக் கழற்றச் சொன்னேன்.

"புது டேம்பரை தர்மபுரி பஸ்ல கண்டக்டர் கையில கொடுத்து அனுப்பச் சொல்லிட்டேன்" என்றாள் சுல்தானா. "காஜா, செப்பு வாஷர் ரெண்டும் புதுசா போடு. ஒரு தடவை நசுங்கின வாஷரை மறுபடி போட்டா திரும்பவும் கசியும்."

"நான் என்ன நேத்தா ஒர்க்‌ஷாப் திறந்தேன்?" என்றான் காஜா. குழாயைச் சுற்றித் துணியைக் கட்டியபடியே சொன்னான்.

*

ஏரியூர் போகும் வழியில் சுல்தானா தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"பெரியண்ணன்தான் சார். வேற யாரு? பார்த்தாலே தெரியுது, வண்டியில எது ஆடினாலும் கை வெக்கிற ஆளு. தான் செஞ்சது வெளிய தெரியக் கூடாதுன்னு பழியை இந்தப் பக்கம் தள்ளிட்டாரு. சாயங்காலம் அவரு மூஞ்சியை நான் வீடியோ எடுக்கப் போறேன்."

எனக்கும் அந்த எண்ணம் இனித்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஊர் எல்லையில் முனியப்பன் கோயில். பூசாரி வீட்டுக்குப் போயிருந்தார். வாசலில் பூவும் பூஜைச் சாமானும் விற்கும் குள்ளம்மாள் மட்டும் இருந்தார்.

"காலையில ஒரு வெள்ளைக் காருக்கு இங்க பூஜை போட்டாங்களா?"

"போட்டாங்க சாமி. ஆனா என்ஜினை நிறுத்தவே இல்ல. நல்ல நேரத்துல கிளப்புன வண்டியாம், பொண்ணு வூட்டு வாசல்ல போயித்தான் நிறுத்தணுமாம். கற்பூரம் காட்டறதுக்கு மூடியைத் திறந்து வெச்சாங்க, வண்டி பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

சுல்தானா என்னைப் பார்த்தாள். என்ஜின் ஓடியது. ஆகவே ஆணி எழும்பி நின்றது.

"பூசாரிதான் என்ஜின்ல பொட்டு வெச்சாரா?"

"அவரா? முன்னால மூணு கோடு விபூதி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். சூட்டுக்கிட்ட கையே கொண்டு போவ மாட்டாரு."

"அப்ப அந்தத் துண்டு போட்ட பெரியவரா?" சுல்தானா ஆவலாகக் கேட்டாள்.

"அவரு எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலைச் சுத்தப் போயிட்டாரு. மாப்பிள்ளையோட ஆத்தாளை மட்டும், 'நல்ல காரியம், நீ முன்னால வராத, தள்ளி நில்லு'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தம்மா காருக்கிட்டயே நின்னுச்சு." குள்ளம்மாள் பூவைக் கட்டுவதை நிறுத்தினார். "அப்புறம் எங்கிட்ட வந்து சந்தனமும் குங்குமமும் கேட்டுச்சு. நான் வாய் தவறி, 'யாருக்கும்மா'ன்னு கேட்டுட்டேன். பொட்டு வெக்காத நெத்தி பாருங்க. 'என் புள்ள வண்டிக்கு'ன்னு சொல்லுச்சு. மீதிச் சில்லறையை மடியில முடியாம கையிலயே வெச்சுக்கிட்டுப் போச்சு."

சுல்தானாவின் வாய் முதல் முறையாக மூடியது.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்துவிட்டோம். அப்போது அவள் கேட்டாள்: "கேஸ் முடிஞ்சது சார். குரு நிரபராதி. ஏன் இன்னும் கொடிக்கம்பம் மாதிரியே உக்காந்திருக்கீங்க?"

"பந்தல்ல எழுந்து நின்னு நான் என்ன சொல்லணும்? 'புருஷன் இல்லாத பொம்பளை, யாருக்கும் தெரியாம நல்ல காரியத்துல குங்குமத்தைத் தொட்டா, அதுதான் வண்டி கெட்டுது'ன்னா? பெரியண்ணன் அந்தம்மாவை அந்த ஊர்ல இருக்க விடுவானா?"

"சொல்லலைன்னா குரு ஸ்டேஷன்ல இருப்பான். அமுதவல்லி கல்யாணம் நின்னுரும்."

"தெரியும். என் வூட்டு மானத்துக்காக இன்னொரு வூட்டுப் பொம்பளையைக் கூட்டத்துல இழுத்து நிறுத்தினா, அதுக்குப் பேரு மானமில்ல."

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"பாதி உண்மையைச் சொல்வேன். மீதியைச் சொல்ல மாட்டேன்."

*

விளக்கு வைக்கும் நேரம். பந்தலின் முன் காஜா வெள்ளைக் காரை ஓட்டி வந்து நிறுத்தினான். நான் என்ஜினை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, முன்மூடியைத் திறக்கச் செய்தேன். புது டேம்பரின் தலையில் ஆணி விறைப்பாக எழும்பி நின்றது.

"எல்லாரும் வந்து பாருங்க. பெட்ரோல் அழுத்தம் இருக்கிற வரைக்கும் இது எழும்பித்தான் நிக்கும். இதை லூசுன்னு நெனச்சு யாரோ முடுக்கினதுதான் கேடு." பழைய டேம்பரையும் விலகிப்போன பொட்டையும் காட்டினேன். "பூஜையில பொட்டு வெச்ச பின்னாடி, ஒரு காசால திருகியிருக்கு. மாப்பிள்ளை, நீங்கதான் வண்டி ஓட்டினீங்க. ஏரியூர்ல இருந்து வரும்போது அடியில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

மாப்பிள்ளை பெரியப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "கேட்டுச்சுங்க. கோயில்ல இருந்து வழி முழுக்க டொக் டொக்னு. டிக்கியில சீர்த் தட்டுத்தான் ஆடுதுன்னு பெரியப்பா சொன்னாருங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியண்ணன் முகம் கறுத்தது.

"ஆக, வண்டி எங்க ஊர் மண்ணை மிதிக்கிறதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு" என்றேன். "குரு கை படல."

"அப்ப யாரு கை? பேரைச் சொல்லுங்க!"

"சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணத்துல செஞ்சதில்ல. அது போதும்."

"பேரு தெரியாம சும்மா கதை விடறாரு பாருங்கய்யா! மருமவனைக் காப்பாத்த ஒரு பொட்டுக் கதை! நான் ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

"போங்க. வண்டி ரெடியா இருக்கு. காஜா நல்லா சரி பண்ணியிருக்கான், வழியில நிக்காது. நானும் குருவும் பின்னாலயே வர்றோம். ஆனா பேரும் சொல்ல மாட்டேன், மன்னிப்பும் கேக்க மாட்டேன். என்னை என்ன செய்வீங்களோ செய்ங்க."

பானுமதி அழ ஆரம்பித்தாள். குரு என் பக்கத்தில் வந்து நின்றான். பெரியண்ணன் காரை நோக்கி ஒரு அடி வைத்தார்.

"நில்லுங்க."

பெண்களுக்குப் பின்னாலிருந்து சென்னம்மாள் எழுந்தார். உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு ரூபாய் நாணயம், விளிம்பில் குங்குமச் சிவப்போடு.

"நான்தானுங்க. பொட்டு வெச்சதும் நான்தான், திருகுனதும் நான்தான். அதுதான் காரணம்னு இப்ப இவரு காட்டினப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது." மகனைக் கைகாட்டினார். "இவங்கப்பா போனப்ப இவனுக்கு மூணு வயசு. கெணத்து மேட்டுல ஆயில் என்ஜினை நானேதான் சுத்திக் கிளப்பித் தண்ணி பாய்ச்சினேன். ஆணி துடிச்சா லூசு. காசால ஒரு முடுக்கு முடுக்கிட்டுத்தான் நவுருவேன். இன்னிக்கு பொட்டு வெச்சப்ப அந்த ஆணி விரலுக்குக் கீழ துடிச்சுது. புள்ள ரொம்ப தூரம் ஓட்டறானேன்னு முடுக்கினேன். அவ்வளவுதான்."

"நிச்சயத்தன்னிக்கு நீ குங்குமத்தைத் தொட்டியா?" பெரியண்ணன் கத்தினார். "நான் தள்ளி நில்லுன்னு சொல்லியும்? பார்த்தியா, அதான் வண்டி கெட்டுது!"

"வண்டி கெட்டது காசால" என்றேன். "குங்குமத்தால இல்ல. குங்குமம் இல்லீன்னா காசு திருகினது யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"நீங்க பேசாதீங்க! இது எங்க வூட்டு விவகாரம்!"

"இல்லீங்க, எங்க வூட்டு விவகாரமும்தான்."

குரல் என்னுடையது அல்ல. நிலைப்படியிலிருந்து அமுதவல்லி இறங்கி வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. காலையில் வைத்திருந்த பொட்டைத் தன் முந்தானையாலேயே துடைத்தபடி நடந்து வந்து, சென்னம்மாளின் முன்னால் நின்றாள்.

"எனக்கும் வெச்சு விடுங்க அத்தை."

சென்னம்மாள் பின்வாங்கினார். சுற்றிலும் பார்த்தார். மாப்பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். இனி பின்வாங்க இடமில்லை.

எங்கள் வீட்டில் ஆண்கள் ஆரத்தித் தட்டைத் தொடுவதில்லை. நான் போய் அதை எடுத்தேன். இரண்டு கையாலும் சென்னம்மாள் முன்னால் நீட்டினேன்.

"வைங்க சம்பந்தியம்மா. தாய்மாமன் தட்டு பிடிக்கிறேன்."

அவருடைய விரல் சந்தனத்தைத் தொட்டது, குங்குமத்தைத் தொட்டது. அமுதவல்லியின் நெற்றியில் பொட்டு விழுந்தது. கொஞ்சம் கோணல். யாரும் சரிசெய்யவில்லை.

பெரியண்ணன் மட்டும் தனியாக நின்றிருந்தார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க யாரு கால்லயும் விழ வேண்டாம்" என்றேன் அவரிடம். "எங்க வூட்டுல அந்த வழக்கமில்ல. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் காரின் அருகே போனார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினை முறைத்துப் பார்த்தார். புது டேம்பரின் ஆணி அப்போதும் எழும்பியே நின்றது. தன்னையறியாமல் கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனார்.

"கையை எடுங்க பெரியவரே" என்றாள் சுல்தானா. "அது நிமிர்ந்துதான் நிக்கும். அமுக்கினீங்கன்னா உங்க வண்டிதான் நிக்கும்."